மூட்டுத் தெரிந்த மனிதர்

எங்கள் கடையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து குசினி துடைத்து வெளியே வர மூன்று மணியாகும். இரவு வேலைக்கு ஆறு மணிக்குத் திரும்ப நிற்க வேண்டும். வீடு லா கூர்னவ்வில். போய் வந்தால் கால் நீட்டக்கூட நேரமிராது. அதனால் இருபது வருடமாக இந்த மூன்று மணித்தியாலத்தையும் வெளியில்தான் கழிக்கிறேன். பிரெஞ்சுக்காரர் இதைக் 'கூப்பூர்' என்பார்கள். வெட்டு என்று அர்த்தம். சம்பளத்தில் சேராத வெட்டு.

கடை பாரிஸ் ஐந்தாம் வட்டாரத்தில் இருக்கிறது. நடந்துபோனால் ஐந்து நிமிடத்தில் ஜார்தன் தே பிளாந்த் என்கிற பெரிய பூங்கா. அதற்குள்ளே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், எலும்புக்கூடுகளுக்கென்று தனி மண்டபம், 1794-இல் தொடங்கிய ஒரு விலங்குச்சாலை எல்லாம் உண்டு. விலங்குச்சாலைக்கு ரிக்கற் எடுக்க வேண்டும். ஆனால் வல்லபி என்கிற குட்டிக் கங்காருகளை வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம். நான் பார்ப்பது அவற்றைத்தான். பாணும் மிஞ்சின இறைச்சியும் தின்றுகொண்டு.

இரவு வேலை முடிந்தால் சுல்லி பாலத்தால் நடந்து மறுகரைக்குப் போய் ஏழாம் இலக்க மெத்ரோ எடுப்பேன். அந்தப் பாலம் சன் லூயி தீவின் நுனியில் கால் ஊன்றிக் கடக்கிறது. நுனியில் ஒரு சின்னச் சதுக்கம், அதற்குள் ஒரு நினைவுத்தூண். பல வருடம் அதைக் கடந்து போயிருப்பேன், நின்று பார்த்ததில்லை. ஒருநாள் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாரி. பறம்பு மலைப் பாரியா என்று சிரிப்பு வந்தது. முல்லைக்குத் தேர் கொடுத்தவருக்கு இங்கே யார் சிலை வைத்தது? அப்புறம் தேடிப் பார்த்தால் இவர் அந்த்வான் லூயி பாரி, 1795-இல் இதே பாரிஸில் பிறந்த சிற்பி. சிங்கம், புலி, மான், முயல் என்று வாழ்நாள் முழுக்க விலங்குகளையே செய்தவர். கடைசி இருபத்தொரு வருடம், நான் பாண் தின்கிற அதே பூங்காவில் வாத்தியார்.

இந்த ஆளை எனக்கு ஏன் பிடித்தது என்று சொல்கிறேன். நான் சிற்பம் படித்தவன் இல்லை. 2004-இல் வந்து கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, இப்போது இறைச்சிப் பக்கம் நிற்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு ஆட்டுத் தோளில் எலும்பு கழற்றுவேன். தோள்பட்டை எலும்பு எங்கே தட்டையாகி எங்கே விளிம்பு கட்டுகிறது, கத்தி நுனி எந்த இடத்தில் 'கிளிக்' என்று மூட்டுக்குள் இறங்கும் என்பதெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்குத் தெரியும். எங்கள் கடைக்குத் திங்கள் விடுமுறை, லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். அதனால் ஒரு திங்கட்கிழமை லூவ்ருக்குப் போய், பாரி 1832-இல் செய்த 'சிங்கமும் பாம்பும்' சிலைக்கு முன்னால் நின்றேன். சிங்கம் முன்னங்காலால் பாம்பை அமுக்குகிறது. பாரம் முழுக்கத் தோளில் ஏறியிருக்கிறது. தோலுக்குக் கீழே அந்தத் தட்டை எலும்பு மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது, சரியாக எந்த இடத்தில் தள்ள வேண்டுமோ அந்த இடத்தில். இந்த மனிதர் கத்தி வைத்துப் பார்த்தவர் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

ஓம், பார்த்தவர்தான்.

பாரியின் தகப்பன் பொன் வேலைக்காரர். பையனைப் பதின்மூன்று பதினாலு வயதில் உலோகச் செதுக்குக்காரர் ஒருவரிடம் வேலை பழக விட்டார்கள். பட்டாளச் சட்டைகளின் பொத்தான்களுக்கு உருக்கு அச்சு வெட்டுகிற பட்டறை. 1812-இல் நெப்போலியனின் பட்டாளம் பிடித்துக்கொண்டு போய், நிலப்படம் செய்கிற பிரிவில் வைத்தது. திரும்பி வந்து பொசியோ என்ற சிற்பியிடமும் குரோ என்ற ஓவியரிடமும் படித்தார். அரசாங்கக் கலைப்பள்ளியில் ரோமுக்கு அனுப்பும் பெரிய பரிசுக்கு வருடா வருடம் போட்டி போட்டார். 1820-இல் இரண்டாம் பரிசு மட்டும் வந்தது. முதற்பரிசு ஒருநாளும் வரவில்லை. 1823-இல் போக்கொனியே என்ற பொற்கொல்லரிடம் கூலிக்குச் சேர்ந்து, கிண்ணத்துக்கும் தட்டுக்கும் அலங்காரமாகச் சின்னச் சின்ன விலங்குகள் செய்தார். எட்டு வருடம்.

அந்த எட்டு வருடத்தில்தான் இந்தப் பூங்காவுக்கு வந்து போகத் தொடங்கினார். உயிருள்ளதைக் கூண்டுக்கு வெளியே நின்று வரைவார். செத்ததை உள்ளே போய் அளப்பார். அவருடைய தாள்களில் படத்தைவிட எண்கள் கூடுதலாக இருப்பதுமுண்டு. மூக்கிலிருந்து கண்வரை இவ்வளவு, முழங்காலிலிருந்து குதிவரை இவ்வளவு என்று தையல்காரன் அளவெடுத்த மாதிரி. கூட வந்தவர் ஓவியர் தெலக்ருவா. 1820களின் கடைசியில் விலங்குச்சாலையில் ஒரு சிங்கம் செத்தபோது தெலக்ருவா பாரிக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதினார். சிங்கம் செத்துவிட்டது, பாய்ந்து வா, இந்தக் காலநிலைக்கு நாம் சுறுக்காக இருக்க வேண்டும், அங்கே காத்திருக்கிறேன் என்று மூன்று நான்கு வரி. கலை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கடிதத்தில் நட்பையும் ஆர்வத்தையும் பார்க்கிறார்கள். எனக்குக் காலநிலை பற்றிய அந்த வரிதான் முக்கியம். குளிர்ப்பெட்டி இல்லாத காலம். உரித்த உடல் எத்தனை மணித்தியாலம் தாங்கும், மணம் எப்போது மாறும், தசை எப்போது தொய்ந்து வடிவு கெடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. யூலை மாதம் குளிரூட்டி பழுதான குசினியில் நின்றவனுக்கு அந்த அவசரம் கடிதத்தில் கேட்கும்.

1831-இல் 'சலோன்' என்கிற பாரிஸின் பெரிய கலைக் கண்காட்சியில் புலியொன்று முதலையைக் கடிக்கிற சிலையை வைத்தார். கங்கையில் இருக்கிற, நீண்டு மெலிந்த மூக்குடைய அந்த முதலை. பாரி இந்தியாவைக் கண்டதில்லை, பிரான்சைத் தாண்டியே பெரிதாகப் போனதில்லை. அந்தச் சண்டையையும் யாரும் அவருக்குக் காட்டவில்லை. பூங்காவில் இருந்த உடல்களையும் எலும்புகளையும் வைத்துத் தானாகக் கட்டிக்கொண்டதுதான். ஆனால் புலி அமர்ந்திருக்கிற விதத்தில் பிழை பிடிக்க முடியாது. பிறகு நான் சொன்ன சிங்கமும் பாம்பும் 1833-இல் சாந்து உருவமாகக் கண்காட்சிக்கு வந்தது. அரசன் லூயி பிலிப் வாங்க, ஒனோரே கொனோன் என்பவர் மெழுகு உருக்கி வெண்கலத்தில் வார்த்துக் கொடுத்தார். நம் கோயில் ஐம்பொன் விக்கிரகங்கள் வார்க்கிற அதே முறை. மெழுகில் போட்ட நகக்கீறல்கூட உலோகத்தில் வரும். அதனால்தான் அந்தச் சிங்கத்தின் பிடரி மயிர் இன்றைக்கும் ஈரமாகத் தெரிகிறது.

சிங்கச் சிலை என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். எனக்கும் முதலில் வந்தது. பஸ்தி சதுக்கத்தில் நிற்கிற யூலைத் தூணின் அடியிலும் பாரியின் சிங்கம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 1830 யூலைப் புரட்சியில் தெருவில் செத்தவர்களுக்காக 1840-இல் நிறுத்திய தூண். யூலை மாதத்து இராசி சிம்மம் என்பதால் சிங்கம். நானும் ஊர்வலங்களுக்காக அந்தச் சதுக்கத்தில் நின்றிருக்கிறேன். கையில் பதாகையோடு சிங்கத்தின் பக்கத்தில் நின்றும் அதைச் செய்தவர் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன். சரி, அதை விடுவோம்.

பெயர் வந்தாலும் காசு நிற்கவில்லை. பட்டத்து இளவரசருக்கு மேசை அலங்காரமாக வேட்டைக் காட்சிகளைச் செய்தார். 1837-இல் அதைக் கண்காட்சிக்கு அனுப்பினால், இது சிற்பம் இல்லை, பொற்கொல்லன் வேலை என்று நடுவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போக்கொனியேயிடம் கூலி வேலை செய்தவருக்கு அந்தச் சொல் எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று யோசியுங்கள். பதின்மூன்று வருடத்துக்கு அந்தக் கண்காட்சிப் பக்கமே அவர் போகவில்லை. தானே வார்ப்புப் பட்டறை வைத்துச் சின்ன வெண்கல விலங்குகளை விலைப்பட்டியல் போட்டு விற்றார். கடன் ஏறி 1848-இல் எல்லாம் முறிந்தது. அச்சுருக்கள் கடன் கொடுத்தவர் கையில் போயின. சொந்தச் சிங்கத்தை வேறொருவர் வார்த்து விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை திரும்பக் கைக்கு வர 1857 ஆனது. 1848 புரட்சியில் வந்த அரசாங்கம் லூவ்ரில் சாந்து வார்ப்புகளைப் பார்க்கிற வேலையொன்று கொடுத்து, 1850-இல் அதையும் பறித்தது.

ஆக 1854-இல் அருங்காட்சியகம் அவரை விலங்கு ஓவியம் கற்பிக்கிற பேராசிரியராக எடுத்தபோது, அறுபதை நெருங்கிய, இரண்டு முறை விழுந்து எழுந்த ஒரு மனிதர் மாதச் சம்பளத்துக்காக வகுப்புக்குள் போகிறார். கற்பிக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டு போன ஆள் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

வகுப்பு எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவது, 1860களின் நடுவில் அங்கே வந்துபோன ஓர் இளைஞனால். அகுஸ்த் ரொதன், பின்னாளில் உலகம் முழுக்கப் பெயரெடுத்த சிற்பி. அப்போது கலைப்பள்ளி நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்று, கட்டட அலங்கார வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தவன். பாரியின் மகனும் கூட இருந்தான். பொழுதுபோக்காகப் படம் வரைய வந்த சீமாட்டிகளும் நூலகத்து மெழுகு பூசிய தரையும் வழவழத்த கதிரைகளும் இந்தப் பொடியன்களுக்கு ஒத்துவரவில்லை. கீழே ஒரு நிலவறையைக் கண்டுபிடித்து இறங்கிவிட்டார்கள். சுவரில் நீர் கசிகிற இடம். நிலத்தில் ஒரு கட்டையை ஊன்றி மேலே பலகை வைத்தால் அதுதான் சுழல்மேசை. ஆனால் அது சுழலாது. களிமண் நிற்கிற இடத்தில் நிற்க, இவர்கள்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். உடற்கூறு வகுப்பு நடக்கிற அறைகளிலிருந்து சிங்கத்தின் பாதம், வேறு விலங்குகளின் கால் என்று துண்டு துண்டாக எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பிசைவார்கள். அருங்காட்சியகத்தார் கண்டும் காணாமல் விட்டார்கள்.

பாரி அந்த நிலவறைக்கு வருவார். தேய்ந்துபோன மேலங்கி. பார்த்தால் பெரிய சிற்பி என்று யாரும் சொல்லமாட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற ஏழை உதவி வாத்தியார் மாதிரி இருப்பார் என்று ரொதன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வந்து, செய்து வைத்திருப்பதைப் பார்ப்பார். அநேகமாக ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விடுவார். ஆனாலும் தனக்கு அதிகம் கற்றுத் தந்தது அவர்தான் என்று அதே ரொதன் சொன்னார்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பேசாமலே கற்றுக்கொடுத்த மகான் என்று. எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. எங்கள் பழைய ஷெஃப்பும் பேசமாட்டார். என்னை இறைச்சிப் பக்கம் நிறுத்திய முதல் மாதம், நான் எலும்பு கழற்றிய தோளைத் தூக்கிப் பார்ப்பார், எலும்பில் ஒட்டியிருக்கிற சதையை விரலால் ஒருமுறை தடவுவார், வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். அந்த விரல் எனக்கு எத்தனையோ இரவு நித்திரையைக் கெடுத்தது. பழகினேன், மெய்தான். ஆனால் என்னோடு அதே மாதம் சேர்ந்த ஒரு பொடியன் மூன்றாம் கிழமை ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனிடம் கேட்டால் ஷெஃப் மகான் என்று சொல்லமாட்டான். பாரியின் வகுப்பில் இருபத்தொரு வருடத்தில் எத்தனை பேர் ஒன்றும் விளங்காமல் எழுந்து போயிருப்பார்கள்? ரொதன் ரொதனாக ஆனதால் அவர் சொன்ன கதை நிற்கிறது.

ரொதனுக்கும் அது அந்த நேரத்தில் முழுதாக விளங்கவில்லை போலிருக்கிறது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சின்ன வெண்கல வேட்டைநாய்களைப் பார்த்தாராம். அவை ஓடிக்கொண்டிருந்தனவாம், ஓரிடத்திலும் நிற்காமல். கிட்டப் போய்ப் பார்த்தால் கீழே பாரியின் பெயர். அப்போதுதான் தன் வாத்தியார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பிடிபட்டது என்று சொல்லியிருக்கிறார்.

என் கணக்கில் பாரி செய்த பெரிய உபகாரம் பேசாதது இல்லை. அந்தப் பாதத்தைத் தொட விட்டது. அவர் காலத்துக் கலைப்பள்ளிகளில் பையன்கள் முதலில் பழைய கிரேக்கச் சிலைகளின் சாந்துப் பிரதிகளைப் பார்த்து வரைவார்கள். ஏற்கெனவே ஒருவன் செய்து முடித்ததைப் பார்த்து நீயும் செய் என்பது. பாரியின் பொடியன்களுக்குக் கிடைத்தது மணக்கிற, வழுக்குகிற, நாளைக்கு இருக்காத ஒரு கால். மூட்டை மடக்கிப் பார்க்கலாம். மடக்கும்போது எந்தத் தசை திரள்கிறது என்று விரலால் பிடிக்கலாம். எனக்கும் ஷெஃப்பின் விரலைவிட அந்த ஐந்தாறு தோள்கள்தான் ஒவ்வொரு நாளும் பாடம் எடுத்தன.

மற்றதெல்லாம் பிந்தி வந்தது. 1868-இல் கலைக்கழகத்தில் உறுப்பினராக எடுத்தார்கள். 1873-இல் அமெரிக்காவிலிருந்து வோல்ட்டர்ஸ் என்ற சேகரிப்பாளர் வந்து, வாஷிங்டனில் உள்ள கோர்க்கரன் காட்சியகத்துக்காக அவருடைய வெண்கலங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வேண்டும் என்று சொன்னார். நூற்றிருபது போல. வாழ்நாள் முழுக்க வாடிக்கையாளருக்காகக் காத்திருந்தேன், கடைக்கதவைச் சாத்துகிற நேரத்தில் வருகிறார்கள் என்று பாரி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கடை வைத்து முறிந்த மனிதரின் வாயில்தான் அப்படி வரும். 1875 யூன் 25-இல் இறந்தார். பூங்காவில் அவருடைய இடத்துக்கு எமானுவேல் பிரெமியே வந்தார். கரடிக்குட்டியைப் பிடித்த வேடனைத் தாய்க்கரடி இறுக்கிக் கட்டுகிற வெண்கலச் சிலை ஒன்று அந்தப் பூங்காவில் நிற்கிறதே, அதைச் செய்தவர். நான் பார்த்த குழந்தைகள் எல்லாம் அதைக் கண்டு ஒருமுறையாவது தாயின் கையைப் பிடித்திருக்கின்றன.

அந்தத் தீவு நுனி நினைவுத்தூண் 1894-இல் எழுந்தது. அமெரிக்கர்களும் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். அதிலிருந்த வெண்கலங்களை ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் கழற்றி உருக்கிவிட்டார்கள். நான் வந்த காலத்தில் தூண் மொட்டையாக நின்றதும் அதனால்தான்.

இன்னொரு கதையும் உண்டு. பாரி படுக்கையில் கிடக்கும்போது மனைவி வெண்கலங்களைத் தூசு தட்டிக்கொண்டே, உடம்பு சுகமானதும் கையெழுத்தைக் கொஞ்சம் விளங்குகிற மாதிரிப் போடுங்கள் என்றாராம். யோசிக்காதே, இருபது வருடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள் என்றாராம் இவர். கையெழுத்து அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டைப் பொருள்தான். மகன் அல்பிரெத்தும் சிற்பியாகி 'அ. பாரி' என்று போடத் தொடங்க, வாங்குகிறவர்களுக்கு எது தகப்பன் எது மகன் என்று குழம்ப, தகப்பன் கோபித்து, பிறகு 'மகன்' என்ற சொல்லையும் சேர்த்துப் போட வைத்தார்.

போன மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை நானும் பழம்பொருள் சந்தைக்குப் போனேன். வாங்குகிற நோக்கம் இல்லை, வாங்கக் காசும் இல்லை. ஒரு மேசையில் உள்ளங்கை அளவில் வெண்கல முயல் ஒன்று இருந்தது. நான் குனிந்ததைக் கண்டதும் விற்கிறவர் பூதக்கண்ணாடியை நீட்டினார். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் காரணம் தெரியாது. பீடத்தின் ஓரத்தில் பெயர் அழகாகத் தெளிவாக இருந்தது. விலை என் இரண்டு மாதச் சம்பளம். பாரியே வார்த்தது என்றார்.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னங்காலைப் பெருவிரலால் தடவினேன். ஏற்கெனவே வார்த்த ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்தால் வெண்கலம் ஆறும்போது சுருங்கி உருவம் சற்றுச் சின்னதாகும், வரிகள் மழுங்கும் என்று வாசித்திருக்கிறேன். அது வேறு விஷயம். இதில் முழங்காலே ஒரு விரல் அகலம் மேலே ஏறியிருந்தது. முயலும் எங்கள் குசினிக்குப் பெட்டி பெட்டியாக வருகிறது. இந்த இடத்தில் மூட்டு வைத்த முயலை நான் இன்னும் வெட்டவில்லை.

"நல்ல முயல்," என்று சொல்லி வைத்துவிட்டு மெத்ரோவுக்கு நடந்தேன்.